உங்களுக்குத் தெரியுமா? திடீரென நிறுத்தக் கூடாத மாத்திரை

● எலும்பு மஜ்ஜையில் நார்த்திசு படர்ந்து இரத்த உற்பத்தியைக் கெடுக்கும் நோய் மைலோஃபைப்ரோசிஸ். இரத்தம் உருவாக்கும் வேலையை மண்ணீரலும் ஏற்பதால் அது பெரிதாக வீங்கிவிடும்.

● இந்நோய்க்கு அமெரிக்காவில் முதன்முதலாக அனுமதி பெற்ற மருந்து ருக்சோலிடினிப். ஆண்டு 2011. கட்டுப்பாடின்றி இயங்கும் ஜாக் என்ற நொதிகளை இது தடுக்கிறது. மண்ணீரல் சுருங்கும்; இரவு வியர்வை, அரிப்பு, காய்ச்சல் ஆகியவை குறையும்.

● ஆனால் இது நோயை அடக்கி வைக்கிறதே தவிர, வேரோடு நீக்குவதில்லை. மருந்து உடலில் சில மணி நேரமே தங்கும். திடீரென நிறுத்தினால், அடங்கியிருந்த அழற்சிப் புரதங்கள் வெள்ளம்போல் பெருகலாம். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் பழைய தொல்லைகள் திரும்பிவிடும்.

● சிலருக்கு நிலைமை கடுமையாகும்: அதிகக் காய்ச்சல், மூச்சுத்திணறல், இரத்த அழுத்த வீழ்ச்சி, இரத்த நாளங்களுக்குள் பரவலான உறைவு, பல உறுப்புகள் செயலிழத்தல். தொற்று என்று தவறாக நினைக்கவும் வாய்ப்புண்டு.

● நிறுத்தியே ஆகவேண்டுமானால், பொதுவாக மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைப்பார். தேவைப்பட்டால் ஸ்டீராய்டும் தருவார்.

கவனிக்க: மாத்திரை தீரும் முன்பே வாங்கி வையுங்கள். வேறு சிகிச்சைக்காக மருத்துவமனையில் சேர்ந்தாலும் இம்மருந்தைப் பற்றி மறக்காமல் சொல்லுங்கள். மருத்துவரைக் கேட்காமல் ஒருபோதும் நிறுத்தாதீர்கள்.