உதவியின் கல்

சனத்நகருக்குத் தமிழ்க் குடும்பங்கள் வந்து சேர்ந்த வரலாறு பெரும்பாலும் பிழைப்பைத் தேடி வந்த வரலாறேயாகும். 1942 ஆம் ஆண்டில் இங்கே ஆல்வின் ஆலை தோன்றிற்று. பேருந்துக் கூடுகளும், குளிர்சாதனப் பெட்டிகளும், பிற்காலத்தில் கைக்கடிகாரங்களும் அப்பெயரைத் தாங்கி நாடெங்கும் சென்றன. சுற்றிலும் தொழிற்பேட்டை வளர்ந்தது, தொழிலாளர் குடியிருப்புகள் எழுந்தன, இ.எஸ்.ஐ. மருத்துவமனை வந்தது. இன்று அந்த ஆலை இல்லை. குகட்பள்ளிப் பக்கத்து ஆல்வின் காலனியின் பெயரில் அதன் நினைவு எஞ்சி நிற்கின்றது. ஆலைகள் தோன்றும், மறையும். அவற்றையும் அவை போன்ற சிறு பட்டறைகளையும் நம்பி வந்த குடும்பங்கள், வேலை போன மறுநாள் எவ்வாறு அடுப்பு மூட்டின என்பதை எந்த ஏடும் எழுதி வைப்பதில்லை.

ஆயினும் அதனை எழுதி வைத்த ஓர் அம்மையாரை நாம் அறிவோம். தம் பெயரை வெளியிட அவர் விரும்பவில்லை. திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, மணமாகி இங்கு வந்தவர். கணவர் வேலை பார்த்த பட்டறை மூடப்பட்ட நாள் தொட்டு, சுவரில் தொங்கும் நாட்காட்டியின் தாளைக் கிழித்ததும் எறிந்துவிடாமல், அதன் பின்புறத்தில் அன்று கிடைத்த உதவியை ஒரே வரியில் எழுதிப் பழைய பிஸ்கட் டப்பாவொன்றில் சேர்த்து வருகின்றார். ‘பால்காரர் மாதக் கடைசி வரை பொறுத்துக்கொண்டார்’ என்று ஒரு தாள். ‘எதிர்வீட்டுத் தெலுங்கு அம்மா ஒரு படி அரிசி தந்தார்’ என்று இன்னொரு தாள். 2020 மார்ச்சு 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு நடந்த காலத்துத் தாள்கள் தனிக் கட்டாக நூலால் கட்டப்பட்டிருக்கின்றன.

“உதவி வராத நாளில் என்ன எழுதுவீர்கள், அம்மா?” என்று நாம் கேட்டோம். அவர் மறுமொழி கூறாமல் இரண்டு தாள்களை எடுத்து நம் கையில் தந்தார். முதலாவது, அவர் கணவர் இறந்த நாளின் தாள். ‘இன்று கேட்டேன், கிடைக்கவில்லை’ என்பதே அதிலிருந்த முழு வாசகம். மற்றது அடுத்த நாளின் தாள். ‘கல்லறை வரை ஆறு பேர் தூக்கி வந்தார்கள். நாலு பேரை எனக்குத் தெரியாது’ என்று அதில் எழுதியிருந்தது.

அந்த இரண்டு தாள்களையும் வாசித்த பிறகே, கடவுளின் உண்மைத் தன்மையை நினைவுகூர்தல் என்பது யாது என்று எண்ணிப் பார்க்கும் ஆவல் நமக்கு உண்டாயிற்று. நம் சங்கத்து அன்பர் யாவரும் ஒரே சமயத்தவர் அல்லர். எனினும் துன்பத்தில் நினைவு செய்யும் வேலை எச்சமயத்தார்க்கும் பொதுவானது. ஆகவே கிறிஸ்தவ வாழ்வின் பக்கமாக நின்று நாம் சொல்லுவதை மற்றவரும் தம்முடையதாகக் கொள்ளலாம்.

வேதாகமத்தின் பழைய ஏற்பாட்டில் இஸ்ரவேல் மக்கள் யோர்தான் நதியைக் கடந்தபோது, நதியின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்து வந்து நாட்டினார்கள் என்று வருகின்றது. எதற்காக? பின்னாளில் பிள்ளைகள் அக்கற்களைக் கண்டு இவை என்னவென்று கேட்க, பெற்றோர் நடந்ததைச் சொல்வதற்காக. மற்றோரிடத்தில் சாமுவேல் என்னும் தீர்க்கதரிசி, பகைவரிடமிருந்து மக்கள் தப்பிய பின்பு ஒரு கல்லை நிறுத்தி அதற்கு எபெனேசர் என்று பெயரிட்டார். உதவியின் கல் என்பது அப்பெயரின் பொருள். நம்மவர் பலர் தம் வீட்டு வாசலிலும், ஆட்டோவின் முகப்பிலும் இந்தப் பெயரை எழுதியிருப்பதைக் காண்கின்றோம். அதே பெயர் அதற்கு முன்னரும் அந்நூலில் வருகின்றது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. முன்னொரு போரில் இஸ்ரவேலர் பாளயம் இறங்கித் தோற்றதும், உடன்படிக்கைப் பெட்டியைப் பறிகொடுத்ததும் எபெனேசரிலேதான். தோல்வியின் பெயரை மறைத்துவிட்டு உதவியின் கல் நாட்டப்படவில்லை. இரண்டிற்கும் பெயர் ஒன்றே. அம்மையாரின் டப்பாவில் அவ்விரு தாள்களும் அடுத்தடுத்து இருந்தமைக்கும் இதற்கும் வேற்றுமை இல்லை.

இத்தகைய கற்கள் நமக்கு எட்டாத தேசத்தில் மாத்திரம் இல்லை. சனத்நகரிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில் மெதக் நகரத்துப் பேராலயம் நிற்கின்றது. சார்லஸ் வாக்கர் பாஸ்னெட் என்னும் வெஸ்லியன் மிஷனெரி, சிகந்தராபாத்தை அடுத்த திருமலகிரியில் இராணுவத்தாரிடையே ஊழியம் செய்ய வந்து, பின்பு மெதக் பகுதிக்குச் சென்றவர். முதல் உலகப் போரின் காலத்தில் அப்பகுதியைப் பஞ்சம் வாட்டியது. பசித்து வந்தவர்களுக்குச் சும்மா சோறு போடுவதைக் காட்டிலும், வேலை கொடுத்து அதற்குக் கூலியாக உணவு கொடுப்பதே அவர்களுடைய மானத்துக்கு உகந்தது என்று பாஸ்னெட் கருதினார். அங்ஙனம் எழுந்ததே அந்த ஆலயம். இருநூறு அடி நீளமும், நூறு அடி அகலமும், ஏறத்தாழ 175 அடி உயரமுள்ள கோபுரமும் உடைய அக்கட்டடம் 1924 டிசம்பர் 25 ஆம் நாள் பிரதிஷ்டை செய்யப்பட்டது. 2024 இல் அதற்கு நூறாண்டு நிறைந்தது.

அங்கே செல்வோர் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களை வியந்து பார்க்கின்றார்கள். வியக்கத் தக்கனவே. ஆயினும் நம் பிள்ளைகளுக்கு நாம் காட்ட வேண்டியது கல்லை. ஒவ்வொரு கல்லும் ஒரு வேளைச் சோற்றுக்காகச் சுமக்கப்பட்டது. சுமந்தவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியா. பஞ்சத்திற்குத் தப்பாதவர்களும் அந்நாட்களில் இருந்திருப்பார்கள். ஆகவே அக்கோபுரத்தைப் பார்த்து, கடவுளை நம்பினவர் பசியறியார் என்று சொல்லுவது பொய்யாகும். பசியின் நடுவிலும் மனிதர் கைவிடப்படாத ஒரு காரியம் இங்கே நடந்தது என்று சொல்லுவது மெய்யாகும். இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை உணராவிட்டால் நம் விசுவாசம் முதற் காற்றிலேயே விழுந்துவிடும்.

மற்றொரு கல், தமிழராகிய நமக்கு இன்னும் நெருங்கியது. சிகந்தராபாத்திலிருந்து விசயவாடா செல்லும் இருப்புப்பாதையில், காசிப்பேட்டையைத் தாண்டி, தோர்ணக்கல் சந்திப்பு வருகின்றது. ஊருக்குச் செல்லும் வழியில் அந்த நிலையத்தைக் கடந்தவர் நம்மில் பலர் இருப்பர், இறங்கியவர் சிலரே. வேதநாயகம் சாமுவேல் அசரியா என்னும் தமிழர் வாழ்ந்து, உழைத்து, அடக்கமான ஊர் அது.

அசரியா 1874 ஆம் ஆண்டு ஆகஸ்டு 17 இல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் ஒரு கிராமப் போதகரின் மகனாகப் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்றும், தேர்வு வேளையில் நோயுற்றதால் பட்டம் பெறாமலே வெளியேறினார். பட்டமில்லாத அந்த இளைஞர் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் ஊழியராகி ஊர் ஊராகச் சென்றார். 1902 இல் அவர் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர் தம் சொந்தப் பொருளைக் கொண்டு தமிழ்நாட்டில் ஊழியம் நடத்தி வருவதைக் கண்டார். கடல் கடந்து யாழ்ப்பாணத்தார் செய்வதைத் திருநெல்வேலியார் ஏன் செய்யலாகாது என்னும் கேள்வி அவரைப் பற்றிக்கொண்டது. அடுத்த ஆண்டு, 1903 இல், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றிற்று. இந்தியரின் பொருளும், இந்தியரின் உழைப்பும், இந்தியரின் நிருவாகமுமே அதன் உறுதி. அச்சங்கம் தேர்ந்துகொண்ட புலம், அக்காலத்து நிஜாம் ஆட்சிக்கு உட்பட்ட தோர்ணக்கல்.

பிறரை அனுப்பிவிட்டு ஊரில் இருக்க அசரியாவின் மனம் இடங்கொடுக்கவில்லை. 1909 இல் குருப்பட்டம் பெற்று, மனைவி அன்பு மரியம்மாளோடு தாமே தோர்ணக்கலுக்குக் குடி வந்தார். முப்பத்தைந்து வயதில் தெலுங்கு கற்றார். இங்கே நம் இல்லத்தரசிகள் காய்கறிக் கடையில் தட்டுத் தடுமாறித் தெலுங்கு பேசிய முதல் மாதங்களை நினைத்துக்கொண்டால், அவர் நிலை நமக்கு நன்கு விளங்கும். 1912 டிசம்பர் 29 இல் கல்கத்தாவின் தூய பவுல் பேராலயத்தில் அவர் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அப்பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவரே. ஆங்கிலேயர் சிலர் மாத்திரமல்லர், இந்தியக் கிறிஸ்தவர் சிலரும் அதனை எதிர்த்தனர் என்பது நாம் வருந்தி நினைக்க வேண்டிய செய்தி.

அவரை நாடி வந்தோர் பெரும்பாலும் நிலமற்ற மாலர், மாதிகர் ஆகிய ஏழை மக்கள். அவர்களைக் கொண்டே அவர் ஒரு பெருஞ் சபையை வளர்த்தார். 1935 ஆம் ஆண்டளவில் அந்த அத்தியட்சாதீனத்தில் இந்தியக் குருமார் ஏறத்தாழ 250 பேரும், கிராம ஆசிரியர் 2,000 பேருக்கு மேலும் பணியாற்றினர். இல்லாதவர்களும் கொடுக்கலாம் என்று அவர் கற்பித்தார். தானியமோ, கோழியோ, உழைப்போ, உள்ளதைக் கொண்டு வரும்படி ஏவினார். நம் தாய்மார் உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைக்கும் வழக்கத்தின் பொருளும் இதுவே. கொடுக்கும் கைக்குத் தான் பெற்றதன் நினைவு தானே வருகின்றது.

தோர்ணக்கலின் பேராலயம் எழுவதற்கு நெடுங்காலம் ஆயிற்று. தென்னாட்டுக் கோயில் மரபும், முகமதியர் கட்டடக் கலையின் குவிமாடங்களும் மினார்களும் கலந்து அமைந்த அவ்வாலயம், 1939 ஜனவரி 6 ஆம் நாளிலே பிரதிஷ்டையாயிற்று. பல சபைகள் ஒன்றாக இணைய வேண்டுமென்று அசரியா தம் வாழ்நாளின் பெரும்பகுதி பாடுபட்டார். அந்த ஒருமைப்பாட்டை மாத்திரம் அவர் கண்ணால் காணவில்லை. 1945 ஜனவரி முதல் நாள் அவர் தோர்ணக்கலிலே காலமானார். தென்னிந்தியத் திருச்சபை சென்னையில் உருவானது 1947 செப்டம்பர் 27 ஆம் நாள். இரண்டாண்டு, ஏறத்தாழ ஒன்பது மாத இடைவெளி. இன்று மெதக் பேராலயமும் தோர்ணக்கல் பேராலயமும் அந்த ஒரே திருச்சபையைச் சேர்ந்தவையே.

சாமுவேல் என்பது உதவியின் கல்லை நாட்டியவருடைய பெயர். அசரியா என்னும் எபிரெயப் பெயருக்குக் கர்த்தர் உதவினார் என்று பொருள். பட்டம் தவறிய நாளிலும், தம்மவரே எதிர்த்த நாளிலும் அவரை எல்லாரும் அந்தப் பெயரிட்டே அழைத்திருப்பார்கள். கேட்டதெல்லாம் கிடைத்தபின் சூட்டப்பட்ட பட்டம் அன்று அது. கிடைக்கு முன்னரே அவர் தாங்கிய பெயர். நம்பிக்கையின் இலக்கணமும் இதுவே என்று நமக்குத் தோன்றுகின்றது.

நினைவுகூர்தல் என்பது துன்பத்தை மறப்பதன்று. சங்கீதப் புத்தகத்தில் ஆசாபின் பாடலொன்று, கடவுள் இரக்கம் செய்ய மறந்துவிட்டாரோ என்று வெளிப்படையாகக் கேட்டுவிட்டே, பழைய நாட்களை எண்ணிப் பார்க்கத் திரும்புகின்றது. கேள்வியைக் கேட்காதவன் நினைவையும் சரியாகச் செய்ய மாட்டான். வேலையிழந்த அண்டை வீட்டாரிடம் சென்று, எல்லாம் நன்மைக்கே என்று சொல்லிவிட்டு வருவது எளிது. அச்சொல் அவர் வீட்டு அடுப்பை எரிக்காது. ஒரு படி அரிசியோடு சென்று ஒன்றும் சொல்லாமல் வருவோமானால், அவர் வீட்டு நாட்காட்டித் தாளில் எழுதுவதற்கு ஒரு வரி இருக்கும். கடவுளின் உண்மை நம் கைகளின் வழியாகவும் வரவேண்டியிருக்கின்றது. அந்த அம்மையாரின் தாள்களில் பால்காரரும், எதிர்வீட்டாரும், முகமறியாத நால்வருமே நிறைந்திருக்கின்றார்கள். அவர்களை அனுப்பியவர் யார் என்பதில் அவருக்கு ஐயமில்லை.

உறவினர் அருகில் இல்லாத ஊரில் வாழும் நமக்கு இந்த நினைவு இன்னும் மிகுதியாகத் தேவைப்படுகின்றது. சொந்த ஊரில் பிறந்த பிள்ளைகளுக்குப் பாட்டி சொல்லுவாள். இங்கே வளரும் பிள்ளைகளுக்கு நாமே சொல்ல வேண்டும். தந்தை எந்த வண்டியில் வந்து இறங்கினார், முதல் வாடகையை யார் கடனாகத் தந்தார், எந்த மழைக்காலத்தில் வீட்டில் அரிசி இல்லாமற் போயிற்று என்பனவெல்லாம் அவர்களுக்குத் தெரிய வேண்டும். கிடைத்ததையும் கிடைக்காததையும் சேர்த்தே சொல்லுவோமாக. பாதியைச் சொன்னால், பின்னாளில் அவர்களுக்குத் துன்பம் வரும்போது தமக்கு மட்டுமே வந்ததென்று எண்ணிவிடுவார்கள்.

நாம் விடைபெறும்போது அம்மையார் அன்றைய தாளைக் கிழித்து, மூக்குக் கண்ணாடியை அணிந்துகொண்டு எழுத உட்கார்ந்தார். பள்ளியிலிருந்து வந்த பேரன் அருகில் வந்து, “இது என்ன ஆச்சி?” என்று கேட்டான். “உட்காரு, சொல்லுகிறேன்” என்றார் அவர்.