பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்கள்

சென்னை புளியந்தோப்பில் பொழுது சாய்ந்தால் ஃபாஸ்ட் ஃபுட் வண்டிகளில் அடுப்பு சீறத் தொடங்கும். வாணலியில் புரளும் ஃப்ரைடு ரைஸில் உப்போடு வெள்ளைப் படிகமும் ஒரு சிட்டிகை விழும். டேஸ்ட் சால்ட், அஜினமோட்டோ என்றெல்லாம் சொல்கிறோமே, அந்த மோனோசோடியம் குளூட்டமேட் (எம்.எஸ்.ஜி.) தான்.

1908-ல் டோக்கியோவில் கிக்குனே இக்கேடா கடற்பாசிச் சாற்றிலிருந்து குளூட்டமேட்டைப் பிரித்தெடுத்தார். இன்று கரும்புப்பாகு, மரவள்ளி மாவு போன்றவற்றை பாக்டீரியாவால் நொதிக்கவைத்து இந்த உப்பைத் தயாரிக்கிறார்கள். பழுத்த தக்காளியிலும், ஆட்டுத்தொட்டியில் வாங்கிய எலும்பைக் கொதிக்கவிட்ட சூப்பிலும் குளூட்டமேட் தானாகவே இருக்கிறது. தயாரித்தது, இயல்பாக இருப்பது இரண்டும் உடம்புக்கு ஒன்றே.

ஆய்வகச் சோதனைக்கும் ஒன்றே. சிக்கல் அங்கேதான். உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கியில் எடுத்த மேகி நூடுல்ஸ் மாதிரியில் குளூட்டமேட் இருப்பது தெரிந்தது. பாக்கெட்டிலோ எம்.எஸ்.ஜி. சேர்க்கவில்லை என்று அச்சிட்டிருந்தார்கள். ஈயமும் அனுமதித்த 2.5 பிபிஎம்முக்குப் பதில் 17.2 என்று அறிக்கை வந்தது. 2015 ஜூனில் தமிழக அரசு நான்கு நிறுவனங்களின் நூடுல்ஸுக்கு மூன்று மாதம் தடை போட்டது. மறுநாளே மேகியை நாடு முழுவதும் திரும்பப் பெறச் சொன்னது மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம். ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றம் மேகி மீதான தடையை நீக்கி மறுசோதனைக்கு உத்தரவிட்டது. அதில் ஈயம் வரம்புக்குள்தான் இருந்தது.

கோதுமையிலும் மசாலாவிலும் இயல்பாக இருப்பது எது, ஆலையில் கொட்டியது எது என்று சோதனையால் பிரிக்க முடியாது. அதனால் 2016-ல் ஆணையம் தெளிவுபடுத்தியது: வேண்டுமென்றே சேர்த்ததை மறைத்தார்கள் என்று உறுதியானால்தான் வழக்கு. அதை ஆலைக்குள் போய்த்தான் உறுதிசெய்ய முடியும். எனக்கு இது சரியான முடிவாகவே படுகிறது. ஆனால் ஆலைக்குள் போகிற அதிகாரி இல்லாவிட்டால் அந்த விதி வெறும் காகிதம்.

அளவு பற்றியும் சொல்ல வேண்டும். 1987-ல் உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் அமைத்த நிபுணர் குழு தினசரி வரம்பே தேவையில்லை என்றது. 2017-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உடல் எடையில் கிலோவுக்கு 30 மில்லிகிராம் என்று வரம்பு வைத்தது. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 1.8 கிராம். கைக்கணக்கில் போடுகிற பண்டத்துக்கு இந்தக் கண்டிப்பு நல்லது.

பாக்கெட்டில் 621 என்ற எண் இருந்தால் இந்த உப்பு சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள். 627, 631, 635 ஆகியவையும் சுவைகூட்டிகளே. எம்.எஸ்.ஜி. சேர்த்தால், 12 மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்றும் அச்சிட்டாக வேண்டும். தள்ளுவண்டித் தட்டில் அந்த எச்சரிக்கை வராது. இடுப்பில் குழந்தையோடு நிற்கிறவர்கள், “டேஸ்ட் சால்ட் போடாம குடுங்கண்ணே” என்று சொல்லிவிடுங்கள்.