முருகைக்கல் தொட்டியும் அதன் செலவும்

விஞ்ஞானகூடத்தில் கடல்நீர்த் தொட்டி அமைத்து உயிருள்ள முருகைக்கல் வளர்க்கலாமோ என மாணவர் சிலர் எம்மை வினவினர். தமிழாசிரியரிடம் கேட்கும் வினாவன்று. ஆயினும் கணக்கிட்டுப் பார்த்தோம்.

யாழ்ப்பாணக் கோட்டை மதிலிற் காணும் முருகைக்கல், சிறு கடலுயிர்கள் கட்டிய கூடாகும். அவற்றின் உடலுள் வாழும் பாசி ஒளிகொண்டு உணவாக்குதலின், தொட்டிக்கு வலிய விளக்கு வேண்டும். நீரோட்டம் ஓயலாகாது. வெப்பம் 24 முதல் 27 பாகை வரை நிற்க, நம் வெயிலிற் குளிரூட்டும் பொறியும் வேண்டும். கடல் விலையின்றிச் செய்வதை ஈண்டு மின்சாரம் செய்கின்றது.

இவையாவும் சராசரி 300 உவாற்றுக் கொள்ளின், முப்பது நாளில் 216 அலகு செலவாகும். வீடுகளுக்கு 180 அலகுக்கு மேற்பட்டதே கட்டணத்தின் உச்சப்படி. வீட்டில் ஒரு விளக்கேற்றுமுன்னரே தொட்டி அதனைத் தாண்டிவிடும்! 2022 ஓகத்திலும் 2023 பெப்புருவரியிலும் அக்கட்டணம் பெரிதும் உயர்ந்தது. பின்னர்க் குறைத்தபோதும் பழைய நிலைக்கு மீளவில்லை.

200 இலீற்றர் நீருக்கு 7 கிலோ உப்புக்கலவை வேண்டும். அஃது இறக்குமதிப் பொருள். 2022இல் உரூபா வீழ்ந்தபோது அதன் விலையும் ஏறிற்று. கடல்நீரை மொள்ளலாமெனின், நம் பரவைக்கடலின் உவர் மாரியிற் குறைந்துவிடும்.

பணமிருப்பினும் போதாது. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு நிகழ்ந்தது. அத்துணை நேரம் நீரோட்டம் நின்றால் ஒட்சிசன் குறைந்து தொட்டியுயிர்கள் மடியக்கூடும்.

நன்னீர்த் தொட்டியே வைக்கலாமென விடையிறுத்தோம். மாணவர் முகம் வாடிற்று.