டாக்டர் ஆகாமலே ஆஸ்பத்திரி உத்தியோகம்!

பி.எஸ்ஸி. விலங்கியல் முடித்துவிட்டு, ‘‘அடுத்து என்னப்பா?’’ என்று பக்கத்து வீட்டு மாமா கேட்டாலே மொட்டை மாடிக்கு ஓடுகிறவரா நீங்கள்? ஓட வேண்டாம். அரக்கோணம் ஜங்ஷனுக்கு வாருங்கள். கிழக்கே போனால் சென்னை, மேற்கே போனால் காட்பாடி. இரண்டு திசையிலும் ஊசி, ரத்தம் இல்லாத ஆஸ்பத்திரி உத்தியோகம் உண்டு!

முதலில் கிழக்கு. மெடிக்கல் கோடிங். அமெரிக்க டாக்டர் வைத்தியம் பார்த்ததும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு பில் போக வேண்டும். வியாதியின் பெயர் போகாது; நம்பர்தான் போகும். ரத்த அழுத்தத்துக்கு ‘ஐ10’. சர்க்கரைக்கு (இரண்டாம் வகை) ‘ஈ11’. 2015 அக்டோபரில் அமெரிக்கா இந்தப் பட்டியலுக்கு மாறியது. அதில் ஜெட் இன்ஜின் உள்ளே இழுக்கப்பட்டவருக்குக்கூட நம்பர் உண்டு. அவர் மறுபடி செக்-அப்புக்கு வந்தால் அதற்குத் தனி நம்பர்! (நம்ம ஊர் ராஜாளி கடற்படை விமானதளத்துக்காரர்கள் கவனிக்க!)

சிரிப்பு இருக்கட்டும். டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்துச் சரியான நம்பரைப் போடுவது இங்கே உட்கார்ந்திருக்கும் நம்ம ஆள்தான். ஒரு எழுத்து தப்பினால் பில் திரும்பிவிடும். எங்கேயோ ஒரு நோயாளி தலையில் கடன் விழலாம்.

இதற்கு ‘சி.பி.சி.’ என்றொரு பரீட்சை. நான்கு மணி நேரம், 100 கேள்வி, 70 சதவிகிதம் வாங்கினால் பாஸ். கோடு புத்தகத்தைத் திறந்து வைத்தே எழுதலாம். அப்படியும் கோட்டை விடுகிறவர்கள் உண்டு!

ரயிலில் போய் வருகிறவர்களுக்கு ஒரு தகவல்: கோடிங் பெரும்பாலும் பகல் வேலை. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு போன் போட்டு, ‘பணம் என்னாச்சு?’ என்று கேட்கிற வேலைக்குத்தான் ராத்திரி ஷிஃப்ட்.

இப்போது மேற்கு. 1900-ல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்த வேலூர் சி.எம்.சி.யில் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் படிப்பே இருக்கிறது. நோயாளியின் பழைய சரித்திரத்தை டாக்டர் கேட்ட நிமிஷத்தில் எடுத்துக் கொடுக்கிற துறை இது. 2021-ல் மத்திய அரசு, ஆளுக்கொரு 14 இலக்க சுகாதார எண் தரும் டிஜிட்டல் திட்டத்தை நாடு முழுக்க விரித்தது. அதே வருஷம் வந்த சட்டம் இந்தத் துறையினரையும் மருத்துவம் சார்ந்த தொழிலாளர் பட்டியலில் சேர்த்தது. ரெக்கார்ட்ஸ் ஆபீசர், தகவல் ஆய்வாளர், ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர் நிபுணர் என்று படிகள் ஏறலாம்.

ஒரு எச்சரிக்கை! சுலபமான நம்பர்களை இப்போது கம்ப்யூட்டரே போட ஆரம்பித்துவிட்டது. அது போட்டது சரியா என்று பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் இனி மதிப்பு. ஆகவே உடற்கூறு பாடம் மனப்பாடமாக அல்ல, புரிந்து இருக்க வேண்டும்.

‘நூறு சதவிகிதம் வேலை உத்தரவாதம்’ என்று போஸ்டர் பார்த்தால் பணம் கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: பாடம் நடத்துகிறவர் கோடிங் வேலை பார்த்தவரா? பரீட்சைக் கட்டணம் இந்தத் தொகையிலேயே அடக்கமா? போன வருஷம் படித்தவர்களில் இரண்டு பேரிடம் பேச முடியுமா?

மூன்றாவது கேள்விக்கு அவர்கள் காபி வரவழைத்தால், குடித்துவிட்டு அடுத்த ரயிலைப் பிடியுங்கள்!