குகைக்கு வெளியே ஒரு தொண்டு

கோலார் தங்கவயலில் 2001-இல் சுரங்கங்கள் மூடப்படும் வரை, நம் முன்னோர் மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கிப் பொன் எடுத்தனர். அதே மாவட்டத்து அனுமனஹள்ளியில், பாறைக்குள் வேறொரு செல்வம் இருக்கிறது: கோலார் இலைமூக்கு வௌவால். 1994-இல்தான் இது தனி இனமென அறிவியலார் விவரித்தனர். இன்று உலகிலேயே அங்குள்ள ஒரே குகையில் மட்டும் இது வாழ்வதாக அறிகிறோம். எண்ணிக்கையோ ஏறத்தாழ 200-தான்.

சுற்றிலும் கிரானைட் கல் வெட்டினர். ஒரு வெடி போதும், ஓர் இனமே அழிந்துபோக. இந்திய வௌவால் பாதுகாப்பு அறக்கட்டளை முறையிட்டது. வனத்துறை அப்பகுதியைக் காக்க முன்வந்தது.

இயற்கைத் தொண்டு என்றதும் நாம் மண்வெட்டியையும் மரக்கன்றையும் எண்ணுகிறோம். இங்குத் தேவைப்படுவது வேறு. குகைக்குள் நுழையாதிருப்பதே முதற்பணி. ஆளரவத்தில் வௌவால்கள் கலையும், குட்டிகள் தவறி விழக்கூடும். (படம் எடுக்கும் ஆசையை அடக்குவதுதான் கடினம்!) வெளியே வேலை நிறைய உண்டு: மறுபடி கல் உடைக்கும் ஓசை கேட்டால் வனத்துறைக்குத் தெரிவிக்கலாம். பூச்சிகளைத் தின்னும் இச்சிற்றுயிர் வயலுக்கு நண்பன் என்று தக்காளி பயிரிடும் உழவர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கன்னடத்திலும் தெலுங்கிலும் தமிழிலும் எடுத்துச் சொல்லலாம். மும்மொழியும் பேசும் தங்கவயல் மக்களுக்கு அது எளிதே.