தொட்டிக்குப் பெயின்ட் அடிப்பது யார் செலவு?

ஊர்ச் சொத்து – 9

அமெரிக்கச் சிற்றூர்கள் பலவற்றில் தண்ணீர்த் தொட்டிதான் ஊரிலேயே உயரம். கழுத்தைச் சுற்றி செல்போன் ஆன்டெனாக்களை மாட்டிக்கொண்டு நிற்கும். நகரசபைக்கு வாடகை வருகிறது, கம்பெனிக்கு உயரம் கிடைக்கிறது. தொட்டி துருப்பிடிக்கிற வரைக்கும் சண்டை இல்லை. பெயின்ட் அடிக்க வேண்டுமென்றால் ஆன்டெனாக்களைக் கழற்றி, பக்கத்தில் தற்காலிகக் கம்பம் நட்டு அதில் மாட்டி, வேலை முடிந்ததும் மறுபடி மேலே ஏற்ற வேண்டும். அந்தச் செலவு யாருடையது? பத்திரத்தில் அதற்கு ஒரு வரி இல்லாவிட்டால் வாங்கிய வாடகையிலிருந்து நகரசபைதான் அவிழ்க்க வேண்டியிருக்கும்.

வாடகைத் தொகைக்கு மணிக்கணக்கில் பேரம் பேசுபவர்கள் இப்படிப்பட்ட வரிகளைக் கவனிப்பதில்லை. ஐந்தைந்து வருடமாக நீண்டு 25 வருடம் ஓடும் குத்தகை அங்கே சாதாரணம். கம்பெனி இன்னொரு கம்பெனியை உள்வாடகைக்கு ஏற்றினால் ஊருக்குப் பங்கு உண்டா? கடையைக் கட்டிக்கொண்டு போனால் டவரைப் பிரிப்பது யார்? நம் ஊர் வாடகை வீட்டுத் தகராறுகளேதான், உயரம் மட்டும் கூடுதல்.

டவர் விஷயத்தில் நகரசபை அனுமதி தரும் அதிகாரி. தன் நிலத்திலேயே டவர் வந்தால் வீட்டுக்காரரும் அதுவே. அதிகாரியின் கையை வாஷிங்டன் எப்போதோ கட்டிவிட்டது. கதிர்வீச்சு மத்திய அரசின் வரம்புக்குள் இருந்தால், அதைக் காரணம் காட்டி டவரை மறுக்கக் கூடாது என்றது 1996-ஆம் வருடத் தொலைத்தொடர்புச் சட்டம். இருக்கிற டவரில் சிறிய மாற்றம் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்றது 2012-இல் வந்த சட்டம்.

வீட்டுக்காரரின் கை?

கலிஃபோர்னியாவின் ஹன்டிங்டன் பீச்சில் இதற்கு ஒரு வழக்கே நடந்தது. இரண்டு பூங்காக்களில் ஆன்டெனா வைக்க டி-மொபைலுக்கு நகரசபை குத்தகையும் அனுமதியும் கொடுத்தது. அக்கம்பக்கத்தார் கொதித்தார்கள். அப்போதுதான் 1990-இல் ஊரார் வாக்களித்துச் சேர்த்த விதி ஒன்று நினைவுக்கு வந்தது: நகரப் பூங்காவிலோ கடற்கரையிலோ 1,00,000 டாலருக்கு மேல் செலவாகும் கட்டுமானம் என்றால் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். நகரசபை பின்வாங்கியது, கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. கீழ்க்கோர்ட்டில் கம்பெனி ஜெயித்தது. 2013-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. தன் நிலத்தை வாடகைக்கு விடுவதா வேண்டாமா என்று ஊர் முடிவெடுப்பதில் 1996 சட்டம் தலையிடாது என்றது.

பூங்கா தப்பியது. தெருவிளக்குக் கம்பம் தப்பவில்லை. 5ஜி-க்குத் தெருவெங்கும் சிறிய ஆன்டெனாக்கள் தேவைப்பட்டன. கம்ப வாடகையில் வரும் பணத்தை ஏழை வீடுகளுக்கு இணையம் கொடுக்கச் செலவிடலாம் என்று சான் ஹோசே நகரம் 2018-இல் கம்பெனிகளோடு ஒப்பந்தம் போட்டது. 10 வருடத்தில் 2.4 கோடி டாலர் திரளும் என்பது கணக்கு. அதே வருடம் மத்தியத் தகவல்தொடர்பு ஆணையம் குறுக்கே வந்தது: ஒரு ஆன்டெனாவுக்கு வருடம் 270 டாலர் வாங்கினால் கேள்வி இல்லை, அதற்கு மேல் கேட்டால் உண்மையில் அவ்வளவு செலவாகிறது என்று நகரசபை காட்ட வேண்டும். நகரங்கள் வழக்குப் போட்டன. 2020-இல் வந்த தீர்ப்பு அந்தக் கட்டண விதியைத் தொடவில்லை.

மாதத்துக்கு 22.50 டாலர். எனக்கென்னவோ இதை வாடகை என்று சொல்ல வாய் வரவில்லை.

(அடுத்த வாரம்: செல்போன் டவருக்குச் சொத்து வரி கேட்ட அகமதாபாத்)