உஷார்! அந்த மண்சுவருக்குக் கீழே படுக்காதீர்கள்

கோத்தகிரி பக்கம் 5 சென்ட் மனை ஒன்றைப் பார்த்துவிட்டு வந்த என் மச்சான் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். "மாமா, வ்யூ எப்படி?" என்று கீழே ஒரு வரி. முன்னால் பள்ளத்தாக்கு, தேயிலை, மேகம். அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என் கண் மனைக்குப் பின்னால் போய் நின்றுவிட்டது. ஒரே வீச்சில் சீவிய இளநீர் மாதிரி, இருபதடி உயரத்துக்கு நேர்செங்குத்தாக வெட்டப்பட்ட செம்மண் சுவர். அதன் உச்சியில் இரண்டு சில்வர் ஓக் மரங்கள், பாதி வேர் வெளியே தொங்கிக்கொண்டு. சுவரின் அடியில் ஓரிடம் மட்டும் ஈரமாகப் பாசி பிடித்திருந்தது. அவர் போனது ஏப்ரல் கடைசியில். மழையே இல்லாத நாளில் அந்த மண் கசிந்துகொண்டிருந்தது!

உடனே போன் போட்டேன். அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டதா என்றுதான் முதலில் கேட்டேன். கொடுத்திருந்தார். போனால் போகிறது, விட்டுவிடுங்கள் என்றேன். கோபித்துக்கொண்டார். "பட்டா கிளியர், வில்லங்கம் முப்பது வருஷத்துக்குப் பாத்தாச்சு" என்றார். பத்திரத்தில் இருக்கும் வில்லங்கத்தைத்தான் அவர் பார்த்திருந்தார். மண்ணில் இருக்கும் வில்லங்கம் சார்பதிவாளர் அலுவலகத்தில் கிடைக்காது. அன்று அவரிடம் பதற்றத்தில் கோர்வையாகச் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன். மலையில் மனை தேடுகிறவர்களும், மலையிலேயே பிறந்து வளர்ந்து அங்கேயே படுத்து எழுகிறவர்களும் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

முதலில் ஒரு கணக்கு. 2009 நவம்பர் 10 அன்று நீலகிரியின் கேத்தியில் ஒரே நாளில் பதிவான மழை 82 சென்டிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லிட்டர் தண்ணீர். அப்படியானால் 5 சென்ட் மனையில் அன்று விழுந்தது ஒன்றரை லட்சம் லிட்டருக்கும் மேல். 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் பதின்மூன்றை வரிசையாகக் கொண்டுவந்து உங்கள் ஒரு மனைக்குள் கவிழ்த்துவிட்டு, பதினாலாவது லாரியும் பின்னால் வந்து நிற்பது போல. இது மனைக்குள் நேராக விழும் தண்ணீர் மட்டும்தான். மேலே இருக்கும் பத்து ஏக்கர் சரிவிலிருந்து இறங்கி வருவது தனிக் கணக்கு. அந்த மழையில் நீலகிரியில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியிலும் 80 சென்டிமீட்டரைத் தாண்டிக் கொட்டியது. எனவே எப்போதோ நூறு வருஷத்துக்கு ஒருமுறை வரும் மழை என்று நினைத்துவிடாதீர்கள். 1978, 1979, 1993, 2009 என்று குன்னூர்ப் பெரியவர்கள் விரல் விட்டுச் சொல்வார்கள்.

இவ்வளவு தண்ணீர் மண்ணுக்குள் போனால் என்ன ஆகிறது? மலைச்சரிவில் மேலே மண், அடியில் பாறை. மழை மண்ணுக்குள் இறங்கி, பாறையைத் தொட்டதும் போக வழியில்லாமல் தேங்குகிறது. மண்துகள்களுக்கு நடுவே இருந்த காற்று வெளியேறி அந்த இடத்தில் தண்ணீர் நிறைகிறது. நிறைந்த தண்ணீர் துகள்களைத் தள்ளிப் பிரிக்கிறது. அதுவரை ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருந்த பிடி அந்த இடத்தில் விட்டுப்போகிறது. பிடி விட்டபின் அது மண் அல்ல, பாறையும் மரமும் சேர்ந்து ஓடும் கஞ்சி. கீழே சரிவின் காலை நாம் வீட்டுக்காக வெட்டி எடுத்திருந்தால் அதைத் தாங்கி நிறுத்தவும் எதுவும் இல்லை. மச்சான் அனுப்பிய போட்டோவில் இருந்த இருபதடிச் சுவர் அப்படி வெட்டிய கால்தான்.

வயநாட்டைப் பார்த்தோமே! 2024 ஜூலை 30, நள்ளிரவு தாண்டி ஒரு மணி, இரண்டு மணி. முண்டக்கை, சூரல்மலை, புஞ்சிரிமட்டம் ஊர்கள் தூங்கிக்கொண்டிருந்தபோது மலை இறங்கியது. தப்பித்தவர்கள் மூச்சு வாங்குவதற்குள் விடியற்காலையில் மறுபடியும் இறங்கியது. ஏறத்தாழ 300 உயிர். சாலியாற்றில் அடித்துப்போன உடல்களை மலப்புறம் மாவட்டத்தின் நிலம்பூர்ப் பக்கம் கரையேற்றினார்கள். அதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் அந்தப் பகுதியில் 57 சென்டிமீட்டர் மழை. அதே மலைத்தொடரில், கூப்பிடு தூரத்தில் இருக்கும் புத்துமலையில் 2019 ஆகஸ்டில் 17 பேர் இறந்திருந்தார்கள். கல்பற்றாவில் இயங்கும் ஹ்யூம் ஆய்வு மையம், தன் மழைமானிகளின் கணக்கை வைத்து முந்தைய நாள் காலையிலேயே ஆபத்தை மாவட்ட நிர்வாகத்துக்குத் தெரிவித்ததாகச் சொன்னது. அன்று மாவட்டத்துக்கு இருந்தது ஆரஞ்சு எச்சரிக்கைதான், சரிவு நடந்த பிறகு காலை ஆறு மணிக்குத்தான் சிவப்பு எச்சரிக்கை வந்தது என்று அன்றைய கேரள முதல்வர் பினராயி விஜயன் கூறினார். யார் மீது தவறு என்ற வழக்கை இங்கே நான் நடத்தப்போவதில்லை. எனக்கு அதில் தெரிவது ஒன்றுதான்: டிவியில் மாவட்டத்துக்கு என்ன நிறம் காட்டுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். உங்கள் வீட்டுக்கு மேலே இருக்கும் ஓடைக்குத் தனியாக யாரும் நிறம் கொடுப்பதில்லை.

பெட்டிமுடியை நினைத்தால் இன்னும் நெஞ்சு அடைக்கிறது. 2020 ஆகஸ்ட் 6, இரவு பத்தரை மணிக்கு மேல். மூணாறை அடுத்த ராஜமலைப் பக்கத்தில் எஸ்டேட் தொழிலாளர்களின் லயன் வீடுகள் புதைந்தன. 70 பேர். பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள், அதிலும் பலர் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு வட்டாரத்தை வேராகக் கொண்டவர்கள். கரண்ட் இல்லை, போன் இல்லை. ஊரே மண்ணுக்குள் போன செய்தி வெளியுலகுக்குப் போய்ச் சேர மறுநாள் காலை ஆகிவிட்டது. இதைக் கவனியுங்கள்: தப்பிக்க உதவும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிற போனும் விளக்கும் ரோடும், தேவைப்படும் அந்த ராத்திரியில்தான் முதலில் போகின்றன.

மேற்குத் தொடர்ச்சி மலையில்தானே இதெல்லாம் என்கிறீர்களா? திருவண்ணாமலை! 2024 டிசம்பர் 1, ஃபெஞ்சல் புயல் மழை. தீபமலை அடிவாரத்து வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் உருண்டு வந்து ஒரு வீட்டை மூடின. உள்ளே இருந்த 7 பேரும் இறந்தார்கள். அவர்களில் 5 பேர் குழந்தைகள். ஊட்டி குளிரும் இல்லை, தேயிலையும் இல்லை. அடிவாரம் என்றால் எந்த மலைக்கும் அடிவாரம்தான்.

சரி, எதைப் பார்க்க வேண்டும்? வீட்டையோ மனையையோ பார்க்கப் போகும்போது முன்னால் நின்று பள்ளத்தாக்கைப் பார்க்காதீர்கள். திரும்பி மேலே பாருங்கள். அங்கே மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கின்றனவா? மின்கம்பம் சாய்ந்து, ஒயர் ஒரு பக்கம் தொய்ந்து, மறுபக்கம் விறைத்திருக்கிறதா? தடுப்புச் சுவர் வயிறு உப்பி நிற்கிறதா? சுவரில் தண்ணீர் வடிய விட்ட ஓட்டைகளைச் சிமென்ட் வைத்துப் பூசியிருக்கிறார்களா? அப்படிப் பூசினால் பின்னால் தேங்கும் தண்ணீரே ஒரு நாள் சுவரைத் தள்ளிவிடும். மேல் வீட்டுக்காரரின் செப்டிக் டேங்க் எங்கே இருக்கிறது? அதில் கசியும் தண்ணீரும் வருஷம் முழுக்க உங்கள் தலைக்கு மேலே இருக்கும் மண்ணில்தான் இறங்குகிறது.

எல்லாவற்றையும் விட முக்கியமாக, பக்கத்தில் பிறந்து வளர்ந்த ஒரு பாட்டியிடம் கேளுங்கள், இங்கே பழைய ஓடை எங்கே ஓடியது என்று. புரோக்கரிடம் கேட்காதீர்கள். கோடையில் அது வெறும் பள்ளமாகத்தான் தெரியும். அதை மூடிச் சமன் செய்து பிளாட் போட்டிருப்பார்கள். நீங்கள் வாஸ்து பார்த்து வாசல் வைக்கும் இடம், தண்ணீர் தலைமுறை தலைமுறையாக இறங்கி வரும் வழியாக இருக்கும்.

நீலகிரியில் அபாய இடங்கள் என்று மாவட்ட நிர்வாகம் 283 இடங்களைக் குறித்து வைத்திருக்கிறது. உங்கள் மனை அதில் வருகிறதா என்று தாலுகா அலுவலகத்தில் கேளுங்கள். மலையில் கட்டட உயரம் 7 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று விதி இருக்கிறது. மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் 1990 முதல் இருக்கிறது. மண் வெட்டும் எந்திரத்துக்கு அனுமதி வேண்டும். "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்" என்று ஒருவர் சொன்னால், அந்த இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். 2024 பிப்ரவரி 7 அன்று ஊட்டி லவ்டேல் பகுதியில், கட்டுமானத்துக்காகத் தோண்டிக்கொண்டிருந்த இடத்தில் மேலிருந்த பழைய கட்டடம் சரிந்து 6 பெண் தொழிலாளர்கள் இறந்தார்கள். அன்று பருவமழைகூட இல்லை!

காட்டுத்தீ பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இரண்டும் தனித்தனி ஆபத்து என்றே பலர் நினைக்கிறார்கள். 2024 மார்ச்சில் குன்னூர் பக்கத்துக் காடு நாள்கணக்கில் எரிந்தபோது விமானப்படை ஹெலிகாப்டர் வந்து தண்ணீர் ஊற்றியது. தீ அணைந்ததும் அப்பாடா என்கிறோம். ஆனால் எரிந்த சரிவில் மழையைத் தடுத்து மெதுவாக இறக்கிவிடும் புல்லும் சருகும் இல்லை. வேர் செத்துப்போகிறது. அடுத்து வரும் மழை அப்படியே வழுக்கி, மண்ணை இழுத்துக்கொண்டு இறங்குகிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மான்டெசிட்டோ என்ற ஊருக்கு மேலே இருந்த மலை 2017 டிசம்பரில் எரிந்தது. அடுத்த மாதமே, 2018 ஜனவரி 9 அதிகாலை, சில நிமிஷங்கள் அடித்த கனமழையில் சேறும் பாறையும் ஊருக்குள் பாய்ந்து 23 பேரைக் கொன்றன. அங்கே வசதிக்கோ சாலைக்கோ குறைவில்லை. நெருப்புக்குப் பயந்து ஒருமுறை வீட்டை விட்டுப் போய்த் திரும்பியவர்களில் பலர், மழைக்கு மறுபடி கிளம்ப அலுத்துப்போய் வீட்டிலேயே இருந்தார்கள். உங்கள் வீட்டுக்கு மேலே இந்தக் கோடையில் சரிவு எரிந்திருந்தால், இந்த வருஷ மழைக்கு இரண்டு மடங்கு விழிப்பாக இருங்கள்.

இனி, வேறு போக்கிடம் இல்லாமல் சரிவில் வாழ்கிறவர்களுக்கு. உங்களை இடம் மாறு என்று சொல்வது எனக்கு எளிது, உங்களுக்கு எளிதல்ல என்று தெரியும். இலங்கையில் பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தை மீரியாபெத்தைத் தோட்டத்தில் 2005லும் 2011லும் எச்சரித்தார்கள். போய்க் குடியேற வீடுதான் வரவில்லை. 2014 அக்டோபர் 29 காலையில் லயன்கள் மண்ணுக்குள் போயின. எச்சரிக்கை கொடுப்பவர்கள் சாவியும் கொடுக்க வேண்டும். அதுவரை கொடுத்தது எச்சரிக்கையே ஆகாது என்பது என் கருத்து. தோட்ட நிர்வாகங்களும் அரசுகளும் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

அந்தப் பதில் வரும் வரை உயிரோடு இருக்க வேண்டுமே! அதே இலங்கையில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழையை வைத்து ஓர் அளவு வகுத்திருக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் பெய்தால் விழித்திருங்கள், 100 என்றால் தயாராகுங்கள், 150 என்றால் வெளியேறுங்கள். ஒரே மணி நேரத்தில் 75 கொட்டினாலும் வெளியேறுங்கள். மண்ணுக்கு மண், சரிவுக்குச் சரிவு அளவு மாறும்தான். ஆனால் ஒன்றுமே இல்லாமல் இருப்பதற்கு இந்த அளவு கையில் இருக்கட்டும். அளக்கப் பெரிய கருவி வேண்டாம். அடியும் வாயும் ஒரே அகலமாக, நேராக இருக்கும் ஒரு டப்பா, ஒரு ஸ்கேல். திறந்த வெளியில் வையுங்கள், காலையும் மாலையும் அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் கொடுத்தால் நம்மை விட ஒழுங்காகச் செய்வார்கள்.

மழை நேரத்தில் இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அங்கே நிற்காதீர்கள்: புதிதாக ஊற்று கிளம்புவது, தெளிந்து ஓடிய ஓடை திடீரென்று சேறாவது, நேற்று வரை சாத்திய கதவு இன்று நிலையில் இறுகுவது, தரையில் புது விரிசல், மேலே எங்கோ கற்கள் உருளும் சத்தம், காற்றில் பச்சை மண் வாசனை. இதில் பலரை ஏமாற்றுவது ஒன்று உண்டு. கொட்டும் மழையில் ஓடைத் தண்ணீர் சட்டென்று குறைந்தால் நிம்மதி அடையாதீர்கள். மேலே மண்ணும் மரமும் விழுந்து தண்ணீரை அடைத்துக்கொண்டிருக்கலாம். அடைப்பு உடைந்தால் மொத்தமும் ஒரே பாய்ச்சலில் வரும். ஓடும்போது ஓடையை ஒட்டிக் கீழே ஓடாதீர்கள், அது வரும் வழியும் அதுதான். ஓடைக்குக் குறுக்காக, பக்கவாட்டில் விலகி மேடான இடத்துக்குப் போங்கள். போனவர்கள் துணி எடுக்க, மாட்டை அவிழ்க்கத் திரும்பாதீர்கள். வயநாட்டில் இரண்டாவது முறையும் இறங்கியது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்குள் வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி வீட்டின் பின்பக்கம் போய் நின்று மேலே பாருங்கள். இரவு தங்க எந்த உறவினர் வீடு, எந்தப் பள்ளிக்கூடம் என்று இப்போதே பேசி வையுங்கள். பின்சுவரை ஒட்டிய அறையில் மழைக்காலத்தில் குழந்தைகளைப் படுக்க வைக்காதீர்கள்.

ஒருவேளை மழை கொட்டும்போதே இதைப் படிக்கிறீர்கள் என்றால், நேற்றும் பெய்து இன்றும் பெய்கிறது என்றால், மாவட்டப் பேரிடர் உதவி எண்ணான 1077க்குச் சொல்லிவிட்டு, இருட்டுவதற்குள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள்.